கல்லிச்சியின் உயரம்

பிப்ரவரி 11, ஞாயிறு

இந்த நோட்டைத் தொடங்கக் காரணம் ரெஜினா அம்மா. திண்டுக்கல் சாலையில் நர்சரி வைத்திருக்கிறார். "தண்ணி ஊத்துன தேதிய எழுதி வைங்க சார். மொத மரத்த எல்லாரும் தண்ணி ஊத்தியேதான் கொல்லுவாங்க" என்றார். பதினோரு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளிடம் இயற்பியல் ரெக்கார்டு நோட்டுக் கேட்டு உயிரை வாங்குகிறவன் நான். இன்று என்னிடமே ஒருவர் நோட்டுப் போடச் சொல்லிவிட்டார்.

போன்சாய் வாங்கலாம் என்பது என் யோசனை. டாக்டர் ஷமீமா போன மாதம் அபிராமியைப் பரிசோதித்துவிட்டு என்னைப் பார்த்து, "அவங்க நல்லாத்தான் இருக்காங்க. நீங்கதான் டென்ஷனக் குறைக்கணும்" என்றார். எனக்கு டென்ஷன் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு பொழுதுபோக்கு இருந்தால் நல்லதுதானே என்று கிளம்பினோம்.

அபிக்குப் பூத்துக் குலுங்கிய ஒரு காகிதப்பூ மரம் பிடித்துவிட்டது. எனக்கும்தான். ரெஜினா அம்மா விடவில்லை. "பூவப் பாக்காதீங்க, அடியப் பாருங்க. வேரு மண்ணு மேல நாலா பக்கமும் பிடிச்சிருக்கா? அடி பெருத்து மேல போகப் போகச் சிறுக்குதா? அதான் மரம்" என்று ஒரு கல்லிச்சியை எடுத்து வைத்தார். ஐந்து வயதாம். எங்கள் ஊர்ச் சாலையோரங்களில் பேருந்து உயரத்துக்கு நிற்கிற அதே மரம், இங்கே ஒரு தாம்பாளம் அளவுத் தொட்டியில். உயரம் முப்பத்தோரு சென்டிமீட்டர்.

அவர் சொன்ன விதிகள்: வீட்டுக்குள் வைக்கக் கூடாது, காலை வெயில் வேண்டும். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உரம் மாதம் ஒரு முறை, அதுவும் பாதி அளவு. துளிர் நீண்டால் நுனியைக் கிள்ள வேண்டும். முதல் வருடம் கம்பி சுற்றுகிற வேலையே வேண்டாம்.

அபிக்கு இது இருபதாவது வாரம். போன வருடம் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. இது மரத்துக்கான நோட்டு.

பிப்ரவரி 12

தண்ணீர் ஊற்றினேன். டிவி ஸ்டாண்டில் வைத்தேன். அழகாக இருக்கிறது.

பிப்ரவரி 20

ஒன்பது இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. ரெஜினா அம்மாவுக்குப் போன் செய்தேன். "எங்க வெச்சிருக்கீங்க?" என்றார். சொன்னேன். "சார், நீங்க வாத்தியாரா? நான் சொன்னப்ப எழுதிக்கிட்டீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். மரம் பால்கனிக்குப் போய்விட்டது. என் மாணவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை என்பது ஆறுதல்.

மார்ச் 3, ஞாயிறு

புதுத் துளிர் வந்திருக்கிறது. அபி நாற்காலியைப் பால்கனியில் போட்டு மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயறு உரிக்கிறாள். வயிற்றில் குழந்தை உதைக்கும்போதெல்லாம் என் கையை இழுத்து வைக்கிறாள். நான் வைப்பதற்குள் அது நின்றுவிடுகிறது.

மாலையில் முதல் முறையாக நுனி கிள்ளினேன். கிள்ளிய இடத்தில் பால் வடிந்தது. ஆல், அத்தி வகை மரங்களில் பால் வருவது இயற்கை. அபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வலிக்குமாங்க அதுக்கு?" என்றாள். நரம்பு மண்டலம் பற்றி ஐந்து நிமிடம் விளக்கினேன்.

மார்ச் 31, ஞாயிறு

வளைகாப்பு. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அபி ஆசைப்பட்டாள், விட்டுக்கொடுத்தேன். மயிலாடுதுறையிலிருந்து அவள் அம்மா, என் அத்தை தையல்நாயகி, ஏழு வகைச் சோற்றோடு வந்து இறங்கினார். அபியின் கைகளில் முழங்கை வரை கண்ணாடி வளையல். நடந்தால் வீடு முழுக்கச் சத்தம். அவள் இவ்வளவு சிரித்து நான் ஒரு வருடமாகப் பார்த்ததில்லை. அதற்காகவே சடங்கு வேண்டாம் என்கிற என் கொள்கைக்கு ஒரு நாள் விடுப்புக் கொடுத்தது சரிதான்.

கூட்டம் கலைந்த பிறகு அத்தை பால்கனிப் பக்கம் போனார். மரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "மாப்ள, வளர வேண்டியத வளர விடாம நறுக்கி நறுக்கி வெச்சிருக்கிற வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கலாமா? போன தடவையே அப்படி ஆயிடுச்சு. யாருக்காவது குடுத்துடுங்களேன்" என்றார்.

"போன தடவை இந்த மரம் இல்லையே அத்தை. அப்ப எந்த மரத்தக் குத்தம் சொல்றது?" என்றேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தர்க்கத்துக்கு முன்னால் இவர்கள் யாரும் இரண்டு நிமிடம் நிற்பதில்லை. அபி வாசற்படியில் வளையல் குலுங்காமல் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 6, சனி

எங்கள் அறிவியல் மன்றத்தின் நிகழ்ச்சி, லால்குடிப் பக்கம் ஒரு பள்ளியில். வழக்கமான சரக்குதான்: கையிலிருந்து திருநீறு, தேங்காயில் தானாக நெருப்பு, பிறகு இவையெல்லாம் எப்படி என்று ரசாயன விளக்கம். முந்நூறு பிள்ளைகள். இந்த முறை புதிதாக ஒன்று சேர்த்தேன்.

"என் மாமியார் சொல்றாங்க, வீட்டுல குள்ள மரம் இருந்தா குழந்தை குள்ளமாயிடுமாம். அப்படின்னா வீட்டுல தென்னை மரம் வெச்சிருக்கிறவங்க பிள்ளைங்கல்லாம் நிமிர்ந்தா கூரை இடிக்கணுமே!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்றத்தில் அதை மட்டும் வெட்டி வீடியோவாகப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அபியிடம் காட்டினேன். முழுவதும் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்குக் களைப்பு.

மண் ஈரம். தண்ணீர் ஊற்றவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

இருபத்தெட்டாவது வாரத்து ஸ்கேன். ஆயிரத்து நூறு கிராம் இருக்க வேண்டிய குழந்தை எண்ணூற்று இருபதுதான் இருக்கிறது. தலை சரியான அளவு, வயிற்றுச் சுற்றளவு குறைவு. நஞ்சுக்கொடியில் ரத்த ஓட்டம் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். இடப்பக்கமாகப் படுக்க வேண்டும், அசைவை எண்ண வேண்டும், புரோட்டீன் பவுடர் கலந்த பால் மூன்று வேளை, இரண்டு வாரத்தில் மறுபடி ஸ்கேன். பயணம் கூடாது, பிரசவம் இங்கேயேதான்.

"வளரலையா டாக்டர்?" என்று அபி கேட்டாள். "வளருது. மெதுவா வளருது" என்றார்.

வண்டியில் திரும்பும்போது அபி வயிற்றின் மேல் கையை வைத்தபடியே வந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும், அதனால் வீட்டுக்கு வந்ததும் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: "மரத்துக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. அந்த நெனப்பே வரக் கூடாது." அவள், "நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

ஏப்ரல் 10

அத்தை ஒரு மாதம் தங்க வந்திருக்கிறார். சுகப்பிரசவத்துக்காக மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வாழைத்தார் வேண்டிக்கொண்டாராம். தாராளமாகச் செய்யட்டும், வாழைப்பழம் சத்துதான். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பால்கனிக்குப் போவதே இல்லை, துணியைக்கூட மொட்டை மாடியில்தான் உலர்த்துகிறார். கொடுத்துவிடுங்கள் என்று இன்னொரு முறை கேட்டால் என்ன சொல்வது என்று பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

இப்போது கொடுத்தால் அது தோற்றதாகிவிடும். அந்த வீடியோவை நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 11

இனி நுனி கிள்ளப் போவதில்லை. கோடையில் மரத்தைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது நல்லது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். டேப்பால் அளந்தேன். முப்பத்தொன்றரை செ.மீ.

நோட்டில் கட்டம் போட்டிருக்கிறேன். தேதி, தண்ணீர், உரம், உயரம், பிற. அறிவியல் ஆர்வம் மட்டுமே.

ஏப்ரல் 13

கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர் ஒரு டம்ளர் ஊற்றினேன். மாத உரம்.

ஏப்ரல் 16

கடலைப் புண்ணாக்கு. திருச்சி வெயிலுக்கு மாதம் ஒரு முறை போதாது என்பது என் கணிப்பு.

ஏப்ரல் 19

புண்ணாக்கு. மண்புழு உரம் இரண்டு பிடி. உயரம் 32.8.

ஏப்ரல் 22, திங்கள்

ஸ்கேன். ஆயிரத்து ஐம்பது கிராம். 'பிற' கட்டத்தில் எழுதியிருக்கிறேன். இந்த வாரத்துக்கு ஆயிரத்து நானூற்றைம்பது இருக்க வேண்டும். இருந்தாலும் இரண்டு வாரத்தில் இருநூற்று முப்பது கூடியிருக்கிறது. மரம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் கூட.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியது இடவசதிக்காக.

ஏப்ரல் 25

நர்சரிக்குப் போய்ப் பச்சை நிறத்தில் கரைகிற உரப்பொடி ஒன்று கேட்டேன். ரெஜினா அம்மா ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப எதுக்கு சார்? போன்சாய்னா அடக்கமா வளரணும். நீங்க என்ன, நிழலுக்கா வளக்குறீங்க?" என்றார். "என் சொந்த ஆர்வம்" என்றேன். கொடுக்கவில்லை. அடுத்த கடையில் வாங்கினேன்.

ஏப்ரல் 28

உயரம் 34.6. துளிர்கள் நீளமாக, வெளிறி, தண்டு மெலிந்து வருகின்றன. பார்க்க அழகில்லை. மரத்துக்கு வடிவமே போய்விட்டது. போனால் போகட்டும்.

தொட்டியைச் சுற்றி எறும்பு. புண்ணாக்குக்கு வந்திருக்கும்.

மே 1

விடுமுறை. காலையிலிருந்து வீட்டில். அபி மெலிந்துகொண்டே போகிறாள், வயிறு மட்டும் தனியாகத் தெரிகிறது. வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்குகின்றன. பாலைக் குடித்தாயா என்று மணிக்கொரு முறை கேட்கிறேன். "குடிச்சிட்டேங்க" என்று காலி டம்ளரைக் காட்டுகிறாள். அத்தையும் சாட்சி சொல்கிறார்: "நான்தான் கலக்கிக் குடுக்குறேன் மாப்ள. ஒரு சொட்டு மிச்சம் வைக்கிறதில்ல. காத்து வரட்டும்னு பால்கனில ஒக்காந்து குடிக்கிறா."

உயரம் 35.2.

மே 4, சனி

நிகழ்ச்சிக்குப் போகவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மண்ணில் புளித்த வாடை. மேலே மொய்க்கிற சின்னச் சின்ன ஈக்கள். எறும்பு வரிசை தரையிலிருந்து தொட்டி வரை. புண்ணாக்கு ஊற்றிப் பதினைந்து நாள் ஆகிறது, பொடி உரத்துக்கு எறும்பு வராது. அப்போதுதான் எனக்கு அத்தை மேல் சந்தேகம் வந்தது. மரத்துக்குச் சாந்தி பரிகாரம் என்று பாலபிஷேகம், பஞ்சாமிர்தம் ஏதாவது நடக்கிறதா? அல்லது சத்தமில்லாமல் கொல்லப் பார்க்கிறாரா?

மதியச் சாப்பாட்டில் கேட்டேவிட்டேன். "அத்தை, மரத்துக்கு என்ன ஊத்துறீங்க?"

"நான் அந்தப் பக்கமே போறதில்லையே மாப்ள."

"போகாமலா எறும்பு வருது? என் வீட்டுல எனக்குத் தெரியாம எந்தச் சடங்கும் வேண்டாம்."

அத்தை சோற்றில் கையை வைத்தபடியே இருந்தார். கண் நிறைந்துவிட்டது. அபி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "அம்மாவ எதுவும் சொல்லாதீங்க" என்றாள். திரும்பாமலே சொன்னாள்.

சாயங்காலப் பேருந்தில் அத்தை ஊருக்குப் போய்விட்டார். மாமாவுக்கு முட்டிவலி என்று காரணம். பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, பவுடர் டப்பாவில் அளவுக் கரண்டியைப் போட்டு, எனக்கு எத்தனை கரண்டி என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மே 6, திங்கள்

1250. இருக்க வேண்டியது 1750. ரத்த ஓட்டம் இன்னும் குறைந்திருக்கிறது. இனி வாரம் இரண்டு முறை பார்க்க வேண்டுமாம்.

உயரம் 35.2. நின்றுவிட்டது.

மே 7

உரம் ஊற்றினேன்.

மே 8

இலை ஓரங்கள் காபித் தூள் நிறத்தில் கருகுகின்றன. இரண்டு பங்கு உரம்.

மே 9

நான் செய்வது தவறு என்று எனக்குத் தெரியும். உப்புச் செறிவு கூடினால் வேர் தண்ணீரை இழக்கும். சவ்வூடு பரவல். பதினோராம் வகுப்புப் பாடம். பக்க எண்ணுடன் சொல்வேன். தெரிந்தும் கரைத்து ஊற்றினேன். ஊற்றாமல் இருக்க முடியவில்லை.

மே 12

இன்று மட்டும் முப்பது இலை. பெருக்கி அள்ளி, அபி பார்ப்பதற்குள் கீழே கொண்டுபோய்க் கொட்டினேன். மாடி ஏறி வந்தால் அவள் பால்கனியில் நிற்கிறாள். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டாள். "செத்துடுமாங்க?" என்று கேட்டாள்.

"கோடைல இலை கொட்டுறது சகஜம்" என்றேன். கல்லிச்சி கோடையில் இலை கொட்டாது.

மே 17, வெள்ளி

காலையிலிருந்து அசைவு குறைவு. பத்து மணிக்கு மருத்துவமனை. ஒரு மணிக்கு அறுவை. ஒன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை. 1380 கிராம். அழுதாள், சத்தம் மெல்லியதுதான், ஆனால் அழுதாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூச்சுக்குக் குழாய் மாட்டியிருக்கிறார்கள். அவள் உள்ளங்கை என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

அத்தை மூன்று மணிக்கெல்லாம் வந்து சேர்ந்துவிட்டார். அபிக்குத் தலை வாரிவிட்டார்.

மே 18

டாக்டர் ஷமீமா என்னை உட்காரவைத்து விளக்கினார். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை. சிலருக்கு அப்படி ஆகும். சாப்பாட்டாலோ, வேலையாலோ, கவலையாலோ வந்தது இல்லை. "யார் மேலயும் தப்பில்ல. உங்க மேலயும் இல்ல" என்றார். நான் தலையாட்டினேன். இதை நானே ஒரு கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன்.

மே 20

1290. முதல் சில நாளில் எடை குறைவது இயல்பு. இயல்பு என்று மூன்று நர்ஸ்களிடம் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மே 23, வியாழன்

இன்றைய தேதிக்கு நிறைய எழுத வேண்டியிருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். ஆறு நாளாகப் பால்கனிக் கதவைத் திறக்கவில்லை. மரத்தில் ஓர் இலைகூட இல்லை. கிளையை நகத்தால் சுரண்டினேன், உள்ளே பச்சை இல்லை. அடியைப் பிடித்துத் தூக்கினால் மண்ணோடு அப்படியே வந்துவிட்டது. வேர் கருத்துக் கூழாகியிருந்தது. மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். நாற்றம் தாங்கவில்லை.

என் உரம்தான் கொன்றது என்று தெரியும். ஆனால் அந்த வெள்ளைக் கட்டி எனக்குப் புரியவில்லை. ஒரு பையில் போட்டு நர்சரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். ரெஜினா அம்மா விரலால் நசுக்கி, மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

"பால் சார் இது. திரிஞ்ச பால். ஒரு நாள் ரெண்டு நாள் ஊத்துனது இல்ல. என்னமோ ஐஸ்கிரீம் வாசம்கூட அடிக்குது."

வெனிலா. அபியின் புரோட்டீன் பவுடர் வெனிலா வாசனை.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. கோபம். என் குழந்தை உள்ளே கிராம் கிராமாகப் போராடிக்கொண்டிருந்தபோது அதற்கான பாலை ஒரு தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். நான் மணிக்கொரு முறை கேட்க, காலி டம்ளரைக் காட்டியிருக்கிறாள். படித்தவள், கூட்டுறவு வங்கியில் கணக்காளர். போய் என்னென்ன கேட்க வேண்டும் என்று மத்தியப் பேருந்து நிலையம் வரை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அத்தையை வேறு அழவைத்து அனுப்பியிருக்கிறேன், இவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

வார்டுக்குள் போனால் அபி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசியில்லாத ஒரு சின்ன சிரிஞ்சு. அத்தை அறையில் இல்லை, மருந்து வாங்கப் போயிருந்தார்.

"பாப்பாவுக்கு இன்னிக்குத்தான் மொதமொதலா என் பால் குடுத்தாங்க. குழாய் வழியா. எவ்வளவு தெரியுமா? மூணு மில்லி. இதுல இந்தக் கோடு வரைக்கும்." சிரிஞ்சைத் தூக்கிக் காட்டினாள். "மூணு மில்லிங்க. நான் டம்ளர் டம்ளரா ஊத்துனேன்."

நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"எல்லாத்தையும் இல்லங்க. பாதி டம்ளர். சில நாள் அதுக்கும் கம்மி. அது பட்டினி கிடக்குதுன்னு தோணுச்சு. சின்னத் தொட்டில போட்டு, வேர வெட்டி, நுனிய வெட்டி வெச்சிருக்கோம்ல. அதுக்கு வயிறு ரொம்பிட்டா நம்ம புள்ளைய விட்டுடும்னு நெனச்சேன். மொத நாள் ஊத்துனப்ப அன்னிக்கு நல்லா ஒதைச்சா. அதனால நிறுத்தப் பயமா இருந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அபி. மரத்த அன்னிக்கே குடுத்திருப்பேனே."

"குடுத்திருக்க மாட்டீங்க. சிரிச்சிருப்பீங்க."

"சிரிச்சிருக்க மாட்டேன்."

"லால்குடில சிரிச்சீங்க. எங்கம்மா பயந்துபோய் உங்ககிட்ட தனியா வந்து சொன்னத முந்நூறு புள்ளைங்க முன்னாடி வெச்சுச் சிரிச்சீங்க. அதக் கொண்டாந்து எனக்கே காட்டுனீங்க. அம்மா மேல பழி வந்தப்பகூட நான் வாயத் தொறக்கல. அம்மாட்ட போன்ல கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டேன். உங்ககிட்ட சொல்ல முடியல. அடுத்த சனிக்கிழமை என்னையும் சொல்லிச் சிரிக்க வெப்பீங்கன்னு பயம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. வாடிக்கையாளருக்குப் பாஸ்புக்கில் இருப்பதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். என் மனைவி ஒரு செடிக்குப் பயந்தாள், அதைவிட அதிகமாக எனக்குப் பயந்திருக்கிறாள். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஊர் ஊராகப் போய்ப் பயத்தைப் போக்குகிறவன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப சொல்லுங்க" என்றாள். "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் ஊத்துனதாலதானே அவ அந்தப் பெட்டில கிடக்கா?"

இல்லை என்றேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பாதி டம்ளர் பால் எதையும் மாற்றியிருக்காது என்றேன். ரத்தக் குழாய், அழுத்தம், எல்லாம் சரியாகவே சொன்னேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் அவளுக்குள் இறங்கவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. வகுப்பில் அந்தப் பார்வையை நான் அடையாளம் கண்டுகொள்வேன். அப்போதெல்லாம் குரலை உயர்த்தி மறுபடி முதலிலிருந்து சொல்வது என் வழக்கம்.

இன்று நிறுத்திக்கொண்டேன். பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

முதல் பக்கத்திலிருந்து படித்தாள். டிவி ஸ்டாண்டு இடத்தில் வாய் லேசாகக் கோணியது. வளைகாப்புப் பக்கத்தில் ரொம்ப நேரம் இருந்தாள். லால்குடிப் பக்கத்தைச் சட்டென்று திருப்பினாள். பிறகு கட்டங்கள் வந்தன. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் போனாள். உரம், உரம், உரம். உயரம். பிற.

"மூணு நாளைக்கு ஒருக்கா புண்ணாக்கா?"

"ஆமா."

"இது என்ன, 1050?"

"பாப்பா வெயிட்டு."

"மரத்து நோட்டுல எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு நோட்டில் நான் எழுதி வைத்திருந்த பதில்கள் எல்லாம் அவள் கண்முன்னாலேயே இருந்தன. அறிவியல் ஆர்வம், இடவசதி. அவற்றில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

"மரம் வளந்தா அவளும் வளருவான்னு" என்றேன். "நுனி கிள்ளுறத அதுக்குத்தான் விட்டேன். டெய்லி நீ தூங்குனதும் டேப்ப வெச்சு அளப்பேன். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஊட்டியேதான் அதக் கொன்னிருக்கோம்."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன். இத்தனை வருடமாக மேடையேறி மற்றவர்களைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு அவளிடமிருந்து எனக்கே திரும்பி வரும் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தகுதியானவன்தான்.

அபி சிரிக்கவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்தாள். தையல் வலியோடு மெல்ல மெல்ல நகர்ந்து, கட்டிலில் இடம் விட்டாள்.

உட்கார்ந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறவளைப் பற்றி டாக்டர் சொன்னது, நர்ஸ் சொன்னது, புத்தகத்தில் இருப்பது எல்லாம் எனக்கு மனப்பாடம். எதையும் சொல்லவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு அபி" என்றேன்.

"எனக்குந்தாங்க" என்றாள்.